முட்டை வண்டியின் உள்பக்கம்

நம்மில் பலருக்கு ஐம்பது நெருங்குகிறது. ஏழெட்டு வயதில் பெட்டிகளோடு பெட்டியாக விமானத்தில் ஏற்றப்பட்டு இந்த நாட்டில் இறக்கப்பட்டவர்கள் நாம். பாதித் தமிழோடு வந்து, மீதித் தமிழை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அம்மாக்களிடம் குட்டு வாங்கிக் கற்றவர்கள். எங்காவது கூடினால் அப்பாக்களைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறோம். யாருடைய அப்பா புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஆயுதபூஜை செய்தார், யாருடைய அப்பா டை கட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தார் என்று. என் பங்குக்கு நான் டிரெய்லர் கதையைச் சொல்வேன். குடும்பமே கோயிலில் சொறிந்துகொண்டு நின்ற இடத்தோடு நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

என் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நன்றாக இருக்கிறாள். நான்தான் இன்னும் தேறவில்லை. மாடிப்படியில் அவள் நின்றால் நானும் நிற்கிறேன். இந்த நிலையில் சிரிப்புக்குப் பிறகு வரும் பகுதியையும் எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில் இருந்தோம். தொண்ணூற்றிரண்டா மூன்றா, சரியாக நினைவில்லை. எனக்குப் பதினொரு வயது. அப்பா ஒரு கெமிக்கல் பிளான்ட்டில் இன்ஜினியர். ஈரோட்டில் இருந்தவரை சத்தமாகச் சிரிக்கிற மனிதர். இங்கே வந்து மூன்று வருடத்தில் பேச்சு குறைந்துவிட்டது. ஆபீசில் பேசுகிற இங்கிலீஷ் எல்லாம் செலவாகி, வீட்டுக்கு வரும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லாதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். “ஹோம்வொர்க் ஆச்சா?” என்பார். ஆச்சு என்பேன். அன்றைக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

அந்த வருடம் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்தார்கள். பேப்பர்கள் நகர்கிற வரை நாட்டைவிட்டு வெளியே போகவேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அம்மாவின் ஒரே தம்பிக்கு வைகாசியில் கல்யாணம். அம்மா போகவில்லை. முகூர்த்த நேரத்தைக் கணக்குப் பண்ணி, அந்தச் சமயத்தில் வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்று அழுதாள். சத்தம் வெளியே கேட்காமலிருக்க மெஷினை ஓடவிட்டிருந்தாள். உள்ளே துணி இல்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் அப்பா அந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தார். பழையது. முழுவதும் ஃபைபர்கிளாஸ். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் தனித்தனியாக வார்த்து இடுப்பில் ஒட்டிய உடம்பு. எங்கேயும் மூலை கிடையாது. ஊருக்கு வெளியே வாழ்ந்த ஒரு கிழவரின் கொல்லையில் கிடந்ததாம். புயலில் மரக்கிளை விழுந்து கூரையில் ஒரு ஓட்டை, என் ஸ்கூல் பை நுழையும் அளவுக்கு. அங்கிருந்து ஒரு விரிசல் பக்கவாட்டில் ஓடிச் சன்னல்வரை வந்திருந்தது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று சொல்லிவிட்டாராம் கிழவர்.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். “ஏனுங்க, இது என்னங்க, கொத்து வாங்குன முட்டையாட்டம்?”

“ரிப்பேர் பண்ணிட்டா இதுக்குள்ளயே சமைக்கலாம், படுத்துக்கலாம். ஊருக்குப் போகமுடியாட்டி என்ன? இந்த நாடே இவ்ளோ பெருசாக் கெடக்குதல்ல, பாக்கலாம்.”

“தம்பி கல்யாணத்துக்குப் போகமுடியாதவளுக்கு ஓட்ட விழுந்த வண்டிய வாங்கித் தர்ற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தானுங்க.”

அப்பா ஓட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். வெளி உணவு தொடமாட்டாள், மோட்டல் மெத்தையில் படுக்கமாட்டாள் என்பதால் அம்மாவை இந்த நாட்டில் எங்கேயும் கூட்டிக்கொண்டு போக முடிந்ததில்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது. இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு அதை அவர் ஒரு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் அம்மா அந்த வண்டியைக் கொஞ்சம் மன்னித்திருப்பாள்.

பத்து நாள் அது வீட்டு முன்னால் நின்றது. பிறகு ஒரு கடிதம் வந்தது. நம் புதுக் குடியிருப்புகளில் எல்லாம் ஒரு அசோசியேஷன் உண்டே, புல் எவ்வளவு உயரம் இருக்கலாம், கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று சொல்வதற்கு. படகு, டிரெய்லர் முதலானவை தெருவிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். அப்பா அதை நின்றுகொண்டே மூன்று முறை படித்தார். பிறகு ஜன்னல் பிளைண்ட்ஸை இரண்டு விரலால் விலக்கிப் பக்கத்து வீட்டைப் பார்த்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தார். எப்போதும் அப்படித்தான் நிற்பார்.

“இவந்தான் கம்ப்ளெயின்ட் பண்ணியிருப்பான்,” என்றார் அப்பா.

“தூக்கிப் போட்டுருங்க,” என்றாள் அம்மா.

“லெட்டரையா?”

“ரெண்டையுந்தான்.”

“வெளையாடாத. இதெல்லாம் ரெக்கார்டு ஆகும். நாளைக்கு இன்டர்வியூல, உன்மேல ஏதாவது கம்ப்ளெயின்ட் இருக்கான்னு கேட்டா என்ன சொல்றது? ஒரு டிராஃபிக் டிக்கெட்கூட ஃபார்ம்ல எழுதணும்னு ஆபீஸ்ல சொல்றாங்க.”

அதைச் சொன்னவர் அப்பாவுக்கு முன்னால் கார்டு வாங்கிய ஓர் அங்கிள். கார்டு வாங்கியவர்கள் சொல்வது அந்த நாட்களில் எங்களுக்கு வேதவாக்கு. நீங்களும் அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே. சத்தமாகச் சிரித்தால் கார்டு போய்விடும், லைப்ரரி புத்தகத்தை நாள் தாண்டிக் கொடுத்தால் கார்டு போய்விடும். அப்பா அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிரீன் கார்டு ஃபைலிலேயே, பாஸ்போர்ட் நகல்களுக்கு அடியில் வைத்தார்.

மறுநாள் டிரெய்லரின் சக்கரங்களைக் கழற்றிச் சின்னச் சக்கரங்களை மாட்டி, உயரத்தைக் குறைத்து, கராஜுக்குள் தள்ளினோம். நுழையும்போது வாசல் விட்டத்துக்கும் வண்டிக்கும் நடுவே நாலு விரல் இடம்கூட மிஞ்சவில்லை. அது உள்ளே போனதும் அப்பா பட்டனை அழுத்தினார். பெரிய கதவு மடிந்து மடிந்து இறங்கித் தரையைத் தொட்டது. அந்தக் கோடை முழுவதும் அது வேலை நேரத்தில் திறக்கப்படவில்லை. “முட்ட விஷயம் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது, கோயில்லயும் சொல்லக் கூடாது,” என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார்.

வேலை இப்படி. உடைந்த இடத்தைச் சுற்றித் தேய்த்துச் சரிவாக்க வேண்டும். கண்ணாடி இழைத் துணியை வட்டம் வட்டமாக வெட்டி, ரெசின் என்ற பிசினில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவிட வேண்டும். ரெசின் தேன் மாதிரி இருக்கும். அதில் சில துளி ஹார்டனர் கலந்தால்தான் இறுகும். துளி கூடினால் கொதித்துவிடும், குறைந்தால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும். கலப்பதற்கு அம்மா சேர்த்து வைத்திருந்த தயிர் டப்பாக்களை அப்பா எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்து நம் வீடுகளில் காலித் தயிர் டப்பா ஒரு சொத்து. ரசமும் கோதுமை மாவும் ஊரிலிருந்து வரும் ஊறுகாயும் அதில்தான். ஒவ்வொரு டப்பா குறையும்போதும் அம்மா கராஜ் கதவைப் பார்த்து, “அதையும் குடுத்துட்டனா?” என்பாள்.

கூரை ஓட்டைக்கு வெளியிலிருந்து துணி ஒட்டினால் அது உள்ளே தொய்ந்துவிடும். அதனால் உள்ளேயிருந்து ஒருவர் மெழுகுத்தாள் சுற்றிய, வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் அட்டையை அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர் நான். விரிசல் முழுவதும் அப்படித்தான் ஒரு சாண் ஒரு சாணாக மூடினோம். பலகைக்குக் கீழே, அலமாரிக்குப் பின்னால் என்று அப்பாவின் கை போகாத இடத்துக்கெல்லாம் என் கை போகும். அவர் மூக்கில் காகித மாஸ்க். எனக்கு அது பெரிதாக இருந்து நழுவியது. அதனால் அவருடைய கைக்குட்டையை நனைத்துக் கட்டிவிட்டார். பிளான்ட்டில் ஹெல்மெட் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடாத மனிதர்.

கோயில் கதையை உங்களில் சிலர் என் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். தேய்த்த தூசியோடு அப்பா கழற்றிப் போட்ட சட்டைகளை அம்மா எல்லாத் துணியோடும் சேர்த்து மெஷினில் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அபிஷேகத்துக்குப் போனோம். என் பாவாடை, அப்பாவின் வேட்டி, அம்மாவின் ரவிக்கை, எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி முள். பாலாபிஷேகம் முடிவதற்குள் மூன்று பேரும் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற ஆன்ட்டி, “என்னங்க, வேர்க்குருவா?” என்றார். அம்மா நகத்தால் தோளைக் கீறிக்கொண்டே, “டெக்சஸ் வெயில் எங்களுக்கு ஆகறதில்லீங்க,” என்றாள். வேறு ஒருவர் எங்கள் பக்கத்திலிருந்து தன் குழந்தையை மெதுவாக நகர்த்திக்கொண்டார். வீட்டுக்கு வந்து அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். இன்னும் மோசமானது.

இத்தோடு நிறுத்துவேன். இனி நான் சொல்லாதது.

அந்த ஓட்டை வழியாக அப்பா பேசினார். அவர் ஏணியில் வெளியே, நான் வண்டிக்குள் பலகைமேல் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியபடி. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முழங்கையும் தாடையும் ஒரு துண்டு டியூப்லைட்டும்தான். முகம் பார்க்காமல் பேசுவது அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்க வேண்டும். எனக்கும்தான், ஸ்கூல் கதையெல்லாம் கொட்டினேன். காலேஜில் ஒரு பேப்பரில் ஃபெயில் ஆனதை வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு வருடம் தபால்காரரை வழிமறித்து நின்றதைச் சொன்னார். “உங்கம்மாளுக்கே தெரியாது. சொல்லிப்போட்டீன்னா தொலைஞ்சேன்,” என்றார். ஹூஸ்டனுக்கு வந்த முதல் வாரம் லிஃப்டில் யாரோ எந்த மாடி என்று கேட்டது புரியாமல், வேறு எங்கோ இறங்கிப் படியேறி வந்ததைச் சொன்னார். சிரித்தார். அந்தச் சிரிப்பு ஓட்டை வழியாக உள்ளே விழுந்து, மூலையில்லாத அந்தச் சுவர்களில் உருண்டது. ஈரோட்டுச் சிரிப்பு.

ஒவ்வொரு அடுக்கும் காய்ந்தபின் அந்த இடம் அடைபட்டுவிடும். ஆனால் இருட்டாகாது. டியூப்லைட் வெளிச்சம் அதன் வழியாகப் பனைவெல்ல நிறத்தில் இறங்கும். துணியின் நெசவுகூடத் தெரியும். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன்னால் கையால் செய்ததில்லை. அதே சமயம், மூட வேண்டிய இடம் குறையக் குறைய அப்பாவும் குறைவார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

முதல் இருமல் இரண்டாவது வாரத்தில் வந்தது. பிறகு நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி. மூச்சை விடும்போது கத்தும். ரெசின் டப்பாவைத் திறந்த பத்தாவது நிமிடத்தில் ஆரம்பித்து, வீட்டுக்குள் வந்து ஒரு மணி நேரத்தில் அடங்கும். பதினொரு வயதுப் பெண்ணுக்கு இந்தக் கணக்குப் புரியாதா? புரிந்தது. மூச்சை மெல்ல, வாயைக் குவித்து விட்டால் சத்தம் வராது என்று கண்டுபிடித்தேன். தேய்க்கும் மெஷின் ஓடும்போது இருமிக்கொண்டேன். சொன்னால் அப்பா என்னை வெளியே அனுப்பிவிடுவார். அனுப்பினால் அவர் மறுபடியும் “ஹோம்வொர்க் ஆச்சா?” அப்பாவாகிவிடுவார்.

ராத்திரி இருமலை மட்டும் மறைக்க முடியவில்லை. அம்மா தயிரை நிறுத்தினாள். பிறகு ஐஸ் தண்ணீரை நிறுத்தினாள். ஏசி காற்று முகத்தில் படுகிறது என்று கட்டிலைத் திருப்பிப் போட்டாள். மிளகு, சுக்கு, தொட்டியில் வளர்த்த கற்பூரவல்லி எல்லாம் உள்ளே போயின. எதற்கும் இருமல் அடங்காததால், நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுபோல, க்ளினிக்குக்குப் போகாமல் கோயிலில் பழக்கமான டாக்டர் ஆன்ட்டிக்குப் போன் செய்தாள். சமையலறைச் சுவரில் சுருள் வயரோடு தொங்கும் போன். டாக்டர் ஆன்ட்டிக்குப் பெரிய குரல். மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

“சளி இருக்கா?”

“இல்லீங்க, வறட்டு இருமல். கொஞ்சம் இழுக்குதுங்க.”

“வீஸிங்கா? வீட்ல புதுசா ஏதாவது பெயின்ட் அடிச்சீங்களா? கார்ப்பெட் மாத்தினீங்களா? நாய், பூனை? ஸ்ட்ராங்கா ஏதாவது ஸ்மெல்?”

அம்மா கராஜுக்குப் போகும் கதவைப் பார்த்தாள். அதன் கீழே, வாசம் வராமலிருக்க ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.”

“அப்ப அலர்ஜிதான். இந்த ஊர்ல எல்லாருக்கும் வரும். அதிகமானா கூட்டிட்டு வாங்க.”

அம்மா போனை மாட்டினாள். என் தலையை ஒரு முறை தடவிவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். சரியான கேள்வியை ஒருவர் கேட்டார். பதில் தெரிந்த இரண்டு பேர் அந்த அறையில் இருந்தோம். நான் அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவள் தம்பியின் கல்யாணத்தையே விழுங்கிய கார்டு அது. அதற்குக் கொடுத்துக்கொண்டே இருந்து பழகிவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். விரிசல் முழுவதும் மூடியாகிவிட்டது. பெரிய ஓட்டையில்தான் கடைசி அடுக்குகள் மிச்சம். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று அப்பா ஒரு பெரிய டப்பா நிறைய ரெசின் கலந்தார். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டார். வெளியே நூறு டிகிரி. உள்ளே ஒரு மேஜை ஃபேன் அதே காற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் துணியை ஒட்ட ஒட்ட டியூப்லைட் மறைந்து, பிரஷ் போகும் நிழல் மட்டும் தலைக்கு மேல் தெரிந்தது.

அவர் அம்மாவைப் பெண் பார்க்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பவானியில் பஸ் நின்றுவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் இறங்கிப் பஸ்ஸைத் தள்ளினார்களாம். அப்பாவின் வெள்ளைச் சட்டையில் கை அகலத்துக்குக் கிரீஸ் கறை. “அந்தச் சட்டையோடயே போய் உக்காந்தேன் பாத்துக்க. உங்கம்மா காபி கொண்டாந்தா. குடுத்துட்டு என்ன சொன்னா தெரியுமா கண்ணு?”

என்ன சொன்னாள் என்று கேட்க நினைத்தேன். காற்று வெளியே போகவில்லை. உள்ளே இருப்பது போகாததால் புதிதாக உள்ளே வரவும் இல்லை. வாயைக் குவித்தேன். பூனைக்குட்டிகூடக் கத்தவில்லை. அதற்கு மேலே எங்கேயோ காரமான புகை. டப்பாவில் மிச்சமிருந்த ரெசின் கொதித்துப் புகைய ஆரம்பித்திருந்தது. அப்பா, “அட, அட!” என்று ஏணியிலிருந்து இறங்குவது கேட்டது. டப்பாவைக் காலால் தள்ளுவது கேட்டது. நான் அட்டையை விடவில்லை. விட்டால் துணி தொய்ந்துவிடும் என்பது மட்டும் அப்போதும் நினைவிருந்தது. பிறகு கை தானாக இறங்கிவிட்டது.

“கண்ணு? கேக்குதா?”

அவர் குனிந்து உள்ளே பார்த்தபோது நான் பலகையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, தோள் தூக்கித் தூக்கி மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தேனாம். உதடு நீலம். என்னை அந்தச் சின்ன வாசல் வழியாக இழுத்துத் தூக்கினார். வீட்டுக்குள் ஓடுவதா, எங்கே என்று தெரியாமல் புகைக்குள் நின்று, “என்ன பண்றது, என்ன பண்றது” என்று இங்கிலீஷில் சொன்னார். அதை மட்டும் நன்றாகக் கேட்டேன். அம்மா துண்டைக் காலால் எத்தித் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்தாள். நைட்டி, கையில் கரண்டி. ஒரு விநாடி பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த பட்டனை உள்ளங்கையால் அறைந்தாள்.

“தொறங்க அந்தக் கதவ! எவன் பாத்தா என்ன!”

கதவு மடிந்து மடிந்து ஏறியது. அந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். தெரு, புல், அஞ்சல் பெட்டி எல்லாம் வெள்ளையாக எரிந்தன. புகை எங்களுக்கு முன்னால் வெளியே போனது. பக்கத்து வீட்டுக்காரர் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், டிரெய்லரைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார். இதைப் பூட்டி வைத்துக்கொண்டா செய்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவருடைய பிக்கப் வண்டியில்தான் போனோம். அம்மா கரண்டியோடே ஏறிவிட்டாள்.

எமர்ஜென்சியில் முகத்தில் மாஸ்க் மாட்டினார்கள். மருந்து கலந்த குளிர்ந்த புகை உள்ளே போனது. கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரம் நின்றார். அப்பா அவரிடம் தாழ்ந்த குரலில், அசோசியேஷன் கடிதத்துக்குப் பிறகு யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்றுதான் கதவை மூடிவிட்டதாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். அந்த மனிதருக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு, ஓ அதுவா, அது வருடா வருடம் தெருவில் எல்லா வீட்டுக்கும் வருவதாயிற்றே, எனக்கு வந்ததை அடுப்புக் கரி பற்றவைக்க வைத்திருக்கிறேன் என்றார். அப்பா சிரித்தார். ஆபீஸ் சிரிப்பு. அவர் காதுமடல்கள் சிவந்திருந்ததை நான் மாஸ்க்குக்கு மேலிருந்து பார்த்தேன்.

பிறகு டாக்டர் வந்தார். இளம் பெண். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார்.

“இன்னைக்குத்தான்,” என்றேன், இங்கிலீஷில்.

“இன்னைக்குத்தான்,” என்றார் அப்பாவும்.

அதுதான் பதிவானது.

முட்டை வண்டியை அப்பா பக்கத்து வீட்டுக்காரருக்கே கொடுத்துவிட்டார். வேலிக்குப் பின்னால் அதன் வெள்ளை முதுகு கொஞ்ச நாள் தெரிந்தது. கடைசி அடுக்கு தொய்ந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கும். ஒருநாள் காணோம். எங்கேயோ யாரோ அதை ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம், நசுக்கி எறிந்திருக்கலாம். கிரீன் கார்டு அடுத்த வருடம் வந்தது. இன்டர்வியூவில் டிரெய்லரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்பா என்னோடு பேசினார், நல்ல அப்பாவாகத்தான் இருந்தார். ஆனால் அம்மா காபி கொடுத்துவிட்டு என்ன சொன்னாள் என்பதை அவர் சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கராஜுக்குள் இரண்டு பேரும் திரும்பப் போக வேண்டியிருக்கும். ஆஸ்துமா என்று டாக்டர்கள் பெயர் வைத்த பிறகும் அம்மா ராத்திரித் தயிரை எனக்குத் திருப்பித் தரவில்லை. காரணம் வேறு என்று தெரிந்தும் அவளால் அந்த ஒரு தண்டனையைத் தளர்த்த முடியவில்லை. தண்டனை எனக்கா அவளுக்கா என்று இன்றும் தெரியாது.

இப்போது குபெர்டினோவில் இருக்கிறேன். என் மகளுக்குப் பதினைந்து. பள்ளியின் நெடுந்தூர ஓட்டக் குழுவில் இருக்கிறாள். செப்டம்பரில் காட்டுத்தீப் புகை வானத்தை மஞ்சளாக்கியபோது குழுவில் தன் இடம் போய்விடக் கூடாது என்று தனியாக வெளியே ஓடியிருக்கிறாள். மூச்சு முட்டியதை யாரிடமும் சொல்லவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் ஒரு பந்தயத்தில் அவள் விழுந்தபோதுதான் கோச்சுக்குத் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். மூன்று நாள் ஆஸ்பத்திரி. சரியாகி உட்கார்ந்த பிறகு, ஏண்டி சொல்லல என்று கத்தினேன். “யூ வுட் ஹேவ் மேட் மி க்விட், அம்மா,” என்றாள் அமைதியாக.

அப்பாவும் அம்மாவும் பத்து வருடமாக ஈரோட்டில்தான். போன ஞாயிறு சாயந்திரம், அவர்களுக்குக் காலை, போன் செய்தேன். அப்பா எடுத்தார். எண்பதைத் தொடுகிறார். குரல் மெலிந்துவிட்டது. நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொன்னேன். அவ்வளவு நாள் மறைத்துவிட்டாளே அப்பா, எப்படி முடிந்தது இவளால் என்று புலம்பினேன்.

“அவ மூச்சுச் சத்தம் உனக்குக் கேக்கலையா கண்ணு?” என்றார்.

சுருக்கென்றது. “என்னப்பா இப்படிக் கேக்கறீங்க?”

“குத்திக் காட்டறதுக்குக் கேக்கல.” தொண்டையைச் செருமினார். “எனக்குக் கேட்டுச்சு. உன்றது. அன்னைக்கு மட்டுமில்ல. ரெண்டாவது வாரத்துலருந்து. ஓட்டைக்கு மேல தான நான் நின்னேன், கேக்காம என்ன? நாளைக்கு நிறுத்திரலாம், நாளைக்கு நிறுத்திரலாம்னு நெனப்பேன். நீ வேற எங்கயும் என்றகூட அப்படிப் பேசமாட்டே.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். தினமும் காலையில் மகளைப் பிராக்டிஸுக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறவள் நான். பன்னிரண்டு நிமிடம். இருபத்துநாலு மணி நேரத்தில் அவள் என்னோடு பேசுவது அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான். யார் யாரோடு சண்டை, எந்த டீச்சர் மோசம் என்று ரோட்டைப் பார்த்தபடி கொட்டிக்கொண்டு வருவாள். செப்டம்பர் கடைசியில் அந்தப் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்க நின்றாள். ஒரு தடவை இல்லை. நான் ஏசியைக் குறைத்தேன். அவள் தொடர்ந்தாள். நானும் ஓட்டினேன்.

“எனக்கும் கேட்டுச்சுப்பா,” என்றேன்.

இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம், அம்மாவின் குரல்.

“ஏனுங்க, பாப்பாங்களா? என்ன பேசறீங்க இத்தன நேரம்?”

“ஒண்ணுமில்ல,” என்றார் அப்பா. “சும்மாதான்.”